செல்லிப்பட்டுச் சிலை செய்த வள்ளியம்மை

வில்லியனூர்க் கடைத்தெருவில் வைத்தியலிங்கத்தின் இரும்புக்கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆணி, தாழ்ப்பாள், கட்டுக்கம்பி, மண்வெட்டி, சிமெண்டு என்று வீடு கட்டுகிறவனுக்கும் ஏர் ஓட்டுகிறவனுக்கும் வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அவருடைய மகள் வள்ளியம்மை சிலை செய்யப் படித்தவள் என்பது மட்டும் ஊரில் பாதிப் பேருக்கு வெகுகாலம் தெரியாமல் இருந்தது. தெரிந்தவர்களும் அது டிராயிங் டீச்சர் வேலைக்கான படிப்பு என்றே நினைத்திருந்தார்கள். வைத்தியலிங்கமும் அப்படி நினைத்துத்தான் மகளைச் சென்னைக் கலைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். அது அறுபதாம் வருஷம்.

அந்த வருஷம் சிற்பப் பிரிவில் சேர்ந்த பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தியான ஜெயா கல் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆறே மாதத்தில் ஓவியப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். ஆனால் சிநேகிதம் நிலைத்துவிட்டது. கல்லூரியில் எப்போது பார்த்தாலும் வாதம். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் செய்வதா, கோயில் சிற்பத்தைப் பார்த்துச் செய்வதா, இரண்டும் இல்லாமல் நம்முடையது என்று ஒன்று உண்டா என்று மரத்தடியில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். வள்ளியம்மை அதிகம் பேசமாட்டாள். கேட்டுக்கொண்டே கையில் கிடைத்த கம்பியை வளைத்து ஏதாவது உருவம் பண்ணிக்கொண்டிருப்பாள். கல்லுக்கு லாரி வேண்டும், வெண்கலத்துக்கு உலை வேண்டும். படிப்பு முடிந்து வில்லியனூருக்குத் திரும்பினால் இரண்டும் கிடைக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கம்பியும் சிமெண்டும் அப்பா கடையிலேயே இருந்தன. அதனால் கடைசி இரண்டு வருஷமும் சிமெண்டிலேயே கை பழகினாள். ஏழைகளின் கல் என்று அதை வகுப்பில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அறுபத்தாறில் வில்லியனூரிலேயே பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. வாரத்தில் பாதி டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சரும் இங்கிலீஷ் டீச்சரும் எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தில் பூச்சாடியும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் நாலரைக்கு மேல் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்குக்குள் போய்விடுவாள். சிமெண்டு மூட்டைகளுக்கும் தகரச் சுருள்களுக்கும் நடுவில் அவளுக்கென்று நான்கு மூட்டை அளவு இடம். அங்கேதான் அவளுடைய உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், எழ முயலும் கன்றுக்குட்டி, பாய் சுருட்டுகிற ஒருத்தி.

சிமெண்டு கையைத் தின்னும். எவ்வளவு தேங்காயெண்ணெய் தடவினாலும் விரல் நுனி வெடித்து, நகக்கண் வெளுத்துவிடும். அவளுக்கு இருபத்தேழு வயதில் மதகடிப்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பிரியமாகத்தான் அவள் கையைப் பிடித்தார். பிடித்த கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக விட்டுவிட்டு, காப்பி நன்றாக இருக்கிறது என்றார். ஜாதகம் சரியில்லை என்று நான்கு நாளில் சொல்லி அனுப்பினார்கள். அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்பா அடுத்த வாரம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கிடங்கில் அவள் வேலை செய்கிற மூலைக்கு நேராக இன்னொரு பல்பு போடச் சொன்னார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று இடம் வந்தது. எதுவும் கூடிவரவில்லை. வள்ளியம்மைக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் கையை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

அவளை உண்மையில் வாட்டியது வேறொன்று. ஒரு வேலையைச் செய்து முடித்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச அங்கே ஆள் இல்லை. தம்பி இளங்கோவன் எட்டிப் பார்த்து, ‘நல்லா கீதுக்கா’ என்பான். கூலியாட்கள் மூட்டையை இடிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான். கூடப் படித்தவர்கள் சிலர் சென்னைக்குத் தெற்கே கடலோரமாக நிலம் வாங்கி, குடிசை போட்டு, ஒன்றாகக் குடியிருந்து வரைந்துகொண்டிருந்தார்கள். ஜெயாவும் அங்கே போய்விட்டாள். துணியில் மெழுகு ஓவியம் போட்டு விற்று, மிச்ச நேரத்தில் தன் படங்களை வரைந்தாள். நீயும் வா, அங்கே கிடங்கில் கிடந்து என்ன செய்கிறாய் என்று பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டாள். வள்ளியம்மைக்கும் ஆசைதான். ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு, தனிப் பெண்ணாக, கடற்கரையில் குடிசை போடுகிறேன் என்று வீட்டில் வாய் திறக்க அவளால் முடியவில்லை. எட்டு வருஷத்தில் இரண்டு முறை அவள் சிற்பங்கள் சென்னைக் கண்காட்சிக்குப் போயின. வைக்கோல் சுற்றி, வெல்லம் ஏற்றிக்கொண்டு போன லாரியில் அனுப்பிவைத்தாள். போனது போலவே திரும்பி வந்தன.

எழுபத்துநாலு தொடக்கத்தில் செல்லிப்பட்டுக் கரும்பு விவசாயி மணவாளன் பம்புசெட்டுக்குக் குழாய் வாங்கக் கடைக்கு வந்தார். குழாய் பார்க்கக் கிடங்குக்குள் போனவர், சாமான்களை மறந்து உருவங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். வைத்தியலிங்கம் கொஞ்சம் கூச்சத்தோடு மகளைக் கை காட்டினார்.

செல்லிப்பட்டில் ஒரு சிலை வைக்கவேண்டும் என்று ஊரில் பேச்சு இருந்தது. பிரெஞ்சுக்காரன் போய் இருபது வருஷம் ஆகப்போகிறது. அந்த நவம்பரில், ஊருக்குள் நுழைகிற இடத்தில், சாமிக்கண்ணுவுக்குச் சிலை. சாமிக்கண்ணு பெரிய தலைவர் ஒன்றும் இல்லை. கூலிக்கு மாடு மேய்த்து, புல் அறுத்துப் பிழைத்தவர். அந்தக் காலத்தில் எல்லை வயலுக்கு வயல் மாறும். வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் இந்தியா. சங்கராபரணி ஆற்றுக்கு அக்கரையில் அச்சடித்த விடுதலை நோட்டீசுகளைப் புல்கட்டுக்குள் வைத்துத் தலையில் சுமந்து, போலீஸ்காரனுக்கு முன்னாலேயே நடந்து வந்து சேர்ப்பார். ஒரு தடவை கூட மாட்டவில்லை. விடுதலைக்குப் பிறகு பென்ஷன் கேட்டு மேரி என்கிற நகராட்சி ஆபீசுக்கும் போகவில்லை, யாரிடமும் போகவில்லை. மறுபடி புல்லறுக்கப் போய்விட்டார். அறுபத்தெட்டில் காய்ச்சலில் இறந்தார். ஒரு போட்டோ இருந்தது. கூட்டமாக எடுத்தது. அதில் அவர் முகம் முன்னால் நிற்பவரின் தோளில் பாதி மறைந்திருந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் வள்ளியம்மைக்கு உருவம் கண்முன் வந்துவிட்டது. ஒரே வாரத்தில் முழங்கை உயரத்துக்குக் களிமண்ணில் மாதிரி செய்தாள். ஆளைவிடப் பெரிய புல்கட்டு. அதன் கீழே குறுகிய கழுத்து, இறுகிய முதுகு, நடக்கிற கால். புல்லின் நிழலில் முகம் இருந்தும் இல்லாதது போல. படிப்பு முடித்த இத்தனை வருஷத்தில் தான் செய்ததிலேயே இதுதான் சரியாக வந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

மணவாளனும் ஊர்க்காரர்கள் மூன்று பேரும் வந்து பார்த்தார்கள். பிறகு மணவாளன் நயமாகத்தான் சொன்னார். புல்லுக்கட்டோடு சிலை வைத்தால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். தலைவர் என்றால் ஒரு கையை நீட்டிக் காட்டவேண்டும், தோளில் துண்டு வேண்டும், முகம் தெரியவேண்டும். வள்ளியம்மை விட்டுக்கொடுக்கவில்லை. கை நீட்டிப் பேசிய ஆள் இல்லையே அவர், வாயே திறக்காமல் வேலை செய்தவர் அல்லவா என்று வாதாடினாள். கல்லூரி மரத்தடியில் பேசாத பேச்சையெல்லாம் அன்று பேசினாள். கடைசியில், சாமிக்கண்ணுவின் சம்சாரம் கலியம்மாளையே அழைத்து வந்து காட்டுங்கள், அவர் சொல்கிறபடி செய்கிறேன் என்றாள். கட்டியவள் தன் பக்கம்தான் பேசுவாள் என்று அவள் மனசில் சந்தேகமே இல்லை.

கலியம்மாள் மறுநாள் காலை மணவாளனோடு பஸ்ஸில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கரும்பு வெட்டுக்குப் போகிற கை. கிடங்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, களிமண் உருவத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர்தான் என்று தலையாட்டினார். அப்படியே அவர் நடைதான் என்றார். வள்ளியம்மை மணவாளனைத் திரும்பிப் பார்த்தாள்.

கலியம்மாள் உட்கார்ந்தபடியே சொன்னார்:

“காலம் பூரா தலையில செமந்தாரு டீச்சரம்மா. புல்லு, எருவு, நெல்லு மூட்ட, அப்புறம் அந்த நோட்டீசு. எதுனா ஒண்ணு தலையில இருந்துகினேதான் இருந்துச்சி. செலையிலயாவது எறக்கி வையேன்.”

எழுந்துகொள்ளும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். ஒரு சட்டை போட்டுவிடு, ஒரே ஒரு சட்டை வைத்திருந்தார், மேரிக்குப் போனால்தான் போடுவார்.

வள்ளியம்மைக்கு அன்று கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். சுமையோடு இருந்தால்தான் அது சாமிக்கண்ணு. சுமையை எடுத்துவிட்டால் யாரோ ஓர் ஆள் சும்மா நிற்கிறான். அந்த வாரம் ஜெயா வந்திருந்தாள். களிமண்ணைப் பார்த்து, இதையே செய், அந்த அம்மாவுக்குச் சிற்பம் என்ன தெரியும், செய்து நிறுத்திவிட்டால் பழகிவிடும் என்றாள். கலியம்மாள் சிற்பத்தைப் பற்றிப் பேசவே இல்லை, புருஷனைப் பற்றித்தான் பேசினார் என்பது வள்ளியம்மைக்குள் முள்ளாக இருந்தது. ஊர்க்காரர்கள் சொன்னதை எதிர்த்து நிற்க அவளிடம் பேச்சு இருந்தது. இதை எதிர்க்கப் பேச்சு இல்லை.

கரும்பு வெட்டு நடக்கும் மாதம் அது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு லாரி நிற்கிற ரோட்டோரமாகப் போய் உட்கார்ந்தாள். ஆட்கள் கரும்புக்கட்டைத் தூக்கி வந்து லாரியில் போடுவதை வரைந்துகொண்டே இருந்தாள். முதல் நாள் சுமக்கிறவர்களைத்தான் வரைந்தாள், பழக்கம். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் கண்ணில் ஒன்று பட்டது. கட்டைப் போட்ட பிறகும் சிறிதுநேரம் ஆள் மாறுவதில்லை. தலை அசையாமல் நேராகவே நிற்கிறது. கழுத்து நரம்பு விடைத்தபடியே இருக்கிறது. கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்குகிறது. அப்புறம்தான் ஒரு மூச்சு விட்டு, தோள் இறங்கி, ஆள் ஆளாகிறான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு தோள்பட்டை எலும்பு தெரிகிறது. அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வேகவேகமாக வரையத் தொடங்கினாள்.

கோடை லீவு விட்டதும் செல்லிப்பட்டில், பீடத்தைச் சுற்றிக் கீற்றுக்கொட்டகை போட்டு வேலை ஆரம்பித்தது. கூட ஒத்தாசைக்கு மாரிமுத்துக் கொத்தனார். நாற்பது வயசு, குடிசைக்கும் கிணற்றுக்கும் சுவர் எழுப்புகிற கை. பொம்பளை சொல்லி வேலை செய்ய முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பிக்கூட்டை அவள் தானே வளைத்துக் கட்டியதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சாந்து குழைத்து எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். கம்பிக்கு மேல் கோழிவலை சுற்றி, உள்ளே செங்கல் துண்டு அடைத்து, சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பினார்கள். வெயில் ஏறினால் சாந்து வெடிக்கும் என்று விடிந்ததும் ஆரம்பித்துப் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். மிச்ச நேரம் ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். ரம்பப்பிளேடின் உடைந்த துண்டால் அவள் மேல்தோலைச் சீவினாள். அந்தக் கீறலை அப்படியே விட்டாள். மாரிமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. கரணையை வைத்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று தினமும் கேட்டார். வேண்டாம், வெயில் அதில் தங்கட்டும் என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

முகத்துக்குப் போட்டோவில் தெரிந்த பாதியையும் கலியம்மாள் வந்து உட்கார்ந்து சொன்னதையும் வைத்துக்கொண்டாள். மேற்பார்வைக்கு மணவாளன் அடிக்கடி வந்தார். கை நீட்டவில்லை என்ற குறை அவருக்குத் தீரவே இல்லை. ஆனால் கலியம்மாள் வாயால் சொன்ன பிறகு ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஜூன் மாதம் வேலை முடிந்தது. சட்டை ஒட்டிய முதுகோடு, கழுத்து விடைத்து, வெறுங்கையோடு சாமிக்கண்ணு நின்றார். பின்னால் போய் நின்று பிடரியைப் பார்த்தபோது, புல்கட்டு மாதிரியைவிட இது பெரிய வேலை என்று வள்ளியம்மைக்குத் தெரிந்தது. சொல்லிக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

நவம்பர் முதல் தேதி திறப்பு விழா. தம்பியோடு பஸ்ஸில் போய் இறங்கினாள். மேளம், தோரணம், ஒலிபெருக்கி. துணியை விலக்கினார்கள்.

சிலைக்கு எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். சட்டை பளீர் வெள்ளை. வேட்டிக்குப் பச்சைக் கரை. உதடு ரோஸ். கறுகறுவென்று முறுக்கு மீசை. இடது மணிக்கட்டில் ஒரு கடிகாரம் வரைந்திருந்தது. சட்டைப் பையில் ஒரு பேனா. மதகடிப்பட்டில் போர்டு எழுதுகிறவரை வரவழைத்து இரண்டு நாளாகச் செய்த வேலை. கச்சா சிமெண்டாக இருந்தால் வேலை முடியாத மாதிரி இருக்கும், திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மணவாளன் சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தது போலத்தான் செய்திருந்தார். பீடத்துக் கல்லில் விழாவுக்கு வந்த பெரியவர்கள் பெயரும் ஊர்க்கமிட்டி பெயரும் இருந்தன. செய்தவள் பெயர் இல்லை. இளங்கோவன் சண்டைக்குப் போகப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு நிற்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வள்ளியம்மை செல்லிப்பட்டுப் பக்கமே போகவில்லை. கிடங்குக்குப் போவதும் குறைந்தது. பள்ளி விட்டு வந்து ரேடியோ கேட்டாள், அம்மாவோடு கோயிலுக்குப் போனாள். அம்மாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. அப்பா மட்டும் கிடங்கு பல்பு எரியாததைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தாறு பொங்கலுக்கு முன்னால் கலியம்மாள் அரிவாளுக்குப் பிடி வாங்கக் கடைக்கு வந்தார். டீச்சரம்மா எங்கே என்று கேட்டு, நேராகப் பின்னால் வந்தார். ஏன் அந்தப் பக்கம் வருவதே இல்லை என்று கேட்டார். வள்ளியம்மை மறைக்காமல் சொன்னாள். தான் செய்த உருவத்தை மூடிவிட்டார்கள், பார்க்கப் பிடிக்கவில்லை என்றாள். கலியம்மாளுக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை. எதை மூடினார்கள் என்று கேட்டார். தோலை என்றாள் வள்ளியம்மை.

“தோலுதான் உரிஞ்சிகினு இருக்குதே. ஒரு வெயிலுகூடத் தாங்கல. தையில மறுபடி அடிக்கப்போறாங்களாம். நீ வந்து அடியேன். உன் கையாண்ட விட்டா வேணாம்னா சொல்லிடுவாங்க?”

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். கல்லுக்கும் வெண்கலத்துக்கும் வர்ணம் பூசுவது பாவம் என்று கல்லூரியில் படித்தவள். ஆனால் சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த ஐயனார் குதிரைகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு வருஷமும் நீலமும் மஞ்சளும் பூசாமல் ஊர் அவற்றை விட்டதில்லை. பூசாமல் விட்ட குதிரை என்றால் ஊர் கைவிட்ட குதிரை என்றுதான் அர்த்தம். செல்லிப்பட்டுக்காரர்கள் சாமிக்கண்ணுவைக் கைவிடவில்லை என்பதைத் தங்களுக்குத் தெரிந்த வழியில் சொல்லியிருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது. அந்த ரோஸ் உதட்டைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். மாரிமுத்துவும் வந்தார். உரிந்துகொண்டிருந்த எனாமலை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார்கள். காவிமண், சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம் என்று அவளே கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசினாள். கீறல் மறையாமல் வர்ணம் மட்டும் ஏறவேண்டும். சட்டைக்கு வெள்ளை, ஆனால் நான்கு தடவை துவைத்த வெள்ளை. ஊரே சுற்றி நின்று பார்த்தது. மங்கலாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். இதுதான் சாமிக்கண்ணு நிறம் என்று வயதானவர்கள் சொன்னார்கள். உதட்டை மாநிறமாக்கினாள். கடிகாரத்தை அழித்தாள். பேனாவையும் அழிக்க இரும்புப் பிரஷ்ஷை எடுத்தபோது கலியம்மாள் கீழே இருந்து குரல் கொடுத்தார். பேனா இருக்கட்டும் என்றார்.

“அவருக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா,” என்றாள் வள்ளியம்மை ஏணியிலிருந்து.

“தெரியாதுதான். அவ்ளோ காயிதம் செமந்தாரே. ஒரு பேனா இருந்துட்டுப் போவட்டும்.”

பேனாவை அவளே சின்னதாக, கறுப்பில் திருத்தி வரைந்தாள்.

அதிலிருந்து வருஷா வருஷம் தை மாதம் போய் வர்ணம் பூசுவது அவள் வேலை என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஊர்க்காரர்களோடு ஏதாவது ஒரு வாக்குவாதம் இருக்கும். அவள் மாநிறமாக்கிவிட்டு வந்த உதடு இரண்டு மாதத்தில் மறுபடி ரோஸாகிவிடும். யார் செய்கிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. மணவாளன் மூன்றாம் வருஷம் தானாகவே முன்வந்து பீடத்தில் ஒரு வரி சேர்த்து எழுதவைத்தார். ‘சிலை செய்தவர்: வில்லியனூர் டிராயிங் டீச்சர்’ என்று இருந்தது. பெயர் போடவில்லையா என்று கேட்டதற்கு, டீச்சர் என்றால்தானே எல்லாருக்கும் தெரியும் என்றார் அவர். வள்ளியம்மை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் கொஞ்சம் வலியும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கிடங்கில் பல்பு மறுபடி எரிந்தது. ஆனால் வேலை மாறிவிட்டது. உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அவள் வர்ணம் பூச ஆரம்பித்தாள். செங்கல் பொடி, மஞ்சள்மண், விளக்குக்கரி. முதலில் கன்னாபின்னாவென்று வந்தது. இரண்டு உருவங்களை உடைத்தே போட்டாள். எங்கே பூசுவது, எங்கே சிமெண்டைச் சும்மா விடுவது என்று கை அறிந்துகொள்ள ஒன்றரை வருஷம் ஆனது. எழுபத்தெட்டில் ஐந்து உருவங்களைச் சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பினாள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. பொம்மைக்கொலு மாதிரி இருக்கிறது என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஜெயா இரண்டு நாள் தொடர்ந்து வந்து பார்த்தாள். இரண்டாம் நாள், பாய் சுருட்டுகிறவளின் முதுகில் இருந்த மஞ்சளைக் காட்டி, இதைத் தன்னால் துணியில் கொண்டுவர முடியவில்லை என்றாள். வள்ளியம்மைக்கு அது போதுமாக இருந்தது. வேலையைப் பற்றி ஒருத்தி பேசிவிட்டாள். அந்த ஐந்தில் இரண்டு விலைபோய் அங்கேயே தங்கிவிட்டன. ஒன்று ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்துக்குப் போனதாகச் சொன்னார்கள்.

மற்ற ஊர்களிலிருந்தும் சிலை கேட்டு வந்தார்கள். காட்டேரிக்குப்பத்திலிருந்து ஒருவர் வந்து, அவர் அப்பாவை நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யச் சொன்னார். இன்னொருவர் கட்சித்தலைவர் படம் கொண்டுவந்தார். கட்சித்தலைவரை மரியாதையாக மறுத்துவிட்டாள். அந்த அப்பாவை ஒப்புக்கொண்டாள், முதலில் வீட்டுப் பெண்களிடம் பேசிவிட்டு ஆரம்பிப்பேன் என்ற நிபந்தனையோடு. அவர்கள் சொன்னது வேறு கதையாக இருந்தது. நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே கிடையாது, எப்போதும் மாட்டுக்கொட்டகையில்தான் இருப்பார் என்றார்கள். மகன் கோபித்துக்கொண்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அவளுக்கு அதில் நஷ்டம் தோன்றவில்லை. ஆனால் அந்த மாட்டுக்கொட்டகை மனிதரைக் களிமண்ணில் செய்து தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

எண்பத்தொன்றில் வைத்தியலிங்கம் காலமானார். அடுத்த வருஷமே இளங்கோவன் கடையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. பெயின்டும் பைப்பும் வைக்க இடமில்லை. அக்காவிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை என்பதை அவளே புரிந்துகொண்டு, கிடங்கைக் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு எங்கே போவது என்று தெரியவில்லை. அந்த நேரம் பாகூர் பள்ளிக்கு மாற்றல் வந்தது. வீட்டில் எல்லாரும் மாற்றலை ரத்து செய்ய ஆள் பிடிக்கலாம் என்றார்கள். அவள் ஒரு நாள் பாகூர் போய்ச் சுற்றிப் பார்த்தாள். ஏரிக்கரைக்குப் போகிற வழியில் ஒரு ரைஸ் மில் பங்காளிச் சண்டையில் மூடிக்கிடந்தது. மிஷின்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கொட்டகை மட்டும் நின்றது. சாவி வைத்திருந்த தனக்கொடி என்ற அம்மாள், மில் பங்காளிகளில் ஒருவருடைய மகள், கதவைத் திறந்துவிட்டார்.

வள்ளியம்மை உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். கிடங்கில் கையை உயர்த்தினால் உத்திரம் இடிக்கும். அங்கே செய்த எதுவும் ஆள் உயரத்துக்கு மேல் போனதில்லை. குனிந்தும் குந்தியும் இருக்கிற உருவங்களாகவே இத்தனை வருஷம் செய்துகொண்டிருந்தது எதனால் என்று அன்றுதான் அவளுக்கு விளங்கியது. இங்கே கூரை இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. மேலே தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் கோடு கோடாக இறங்கியது.

மில்லில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தனக்கொடி கேட்டார். சிமெண்டில் உருவம் செய்வேன் என்றாள். சாமி உருவமா என்று கேட்டார். இல்லை, மனுஷங்கதான் என்றாள். தனக்கொடி தரையைப் பார்த்துவிட்டு, தவிடு நிறைய கிடக்கிறது, ஆள் வைத்துப் பெருக்கித் தருகிறேன் என்றார்.

அந்த மாதக் கடைசியில் மாரிமுத்துக் கொத்தனாரை வரச்சொல்லி, பத்தடிக் கம்பிகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பாகூருக்குக் கொண்டுபோனாள். அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கொஞ்சம் மூட்டுவலி. இரண்டு பேருமாகச் சேர்ந்து முதல் கம்பியைத் தரையில் ஊன்றி நிமிர்த்தினார்கள். இது யார் என்று மாரிமுத்து கேட்டார். நின்றுகொண்டிருக்கிற ஒரு பொம்பளை, இன்னும் முகம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவள் ஏணியைக் கொண்டுவரப் போனாள்.